நாற்பது சதவீத மில்லும் நானும்

லாபம் வந்தால் "என் ராசி" என்பார்கள், நட்டம் வந்தால் "அந்தப் பொம்பளை சொன்னா" என்பார்கள். பங்கு வாங்கித் தருகிற தொழில் மொத்தமும் இவ்வளவுதான். இன்சூரன்ஸ், சிறுசேமிப்பு, சீட்டு என்று சொந்தக்காரர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளில் கோவில்பட்டியில் இந்தத் தொழில் செய்த பெண் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். ஊர் எனக்கு வைத்த பெயர் ஷேரக்கா. அந்தப் பெயரில் எனக்கு அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை.

போட்ட விலை

பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த மாடசாமி அண்ணாச்சி ஒருநாள் காலையில் பேப்பரும் கையுமாக, மூச்சு வாங்க என் மாடி அறைக்கு ஏறி வந்தார். ஒரு நூல் மில் நாற்பது சதவீதம் ஈவுத்தொகை அறிவித்திருந்தது. பத்தாயிரம் போட்டால் வருஷத்துக்கு நாலாயிரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, அதில் பாதியைச் செலவும் செய்து முடித்திருந்தார்.

உட்கார வைத்து, மோர் கொடுத்துச் சொன்னேன். "அண்ணாச்சி, கம்பெனி தன் லாபத்துல நமக்குத் தார பங்குதான் ஈவுத்தொகை. ஆனா அந்த நாப்பது சதவீதம், பத்திரத்துல அச்சடிச்சிருக்க பத்து ரூபாய்க்குத்தான். அதாவது நாலு ரூபாய். இன்னைக்கு அந்தப் பங்கு எண்பது ரூபாய்க்கு விக்குது. எண்பது போட்டு நாலு எடுத்தா நூத்துக்கு அஞ்சு. பேங்குலயே இதைவிடக் கூடத் தாரான்." தீப்பெட்டியில் இருந்து சோப்பு வரை, அட்டையில் போட்ட விலைக்கு மேல் ஒரு பைசா வாங்காத மனுஷர் அவர். ரத்தம் கொதித்துவிட்டது. "பத்து ரூவான்னு அச்சடிச்சிட்டு எண்பதுக்கு விக்கானா? ஏம்மா, இவன் மேல யார்ட்ட புகார் குடுக்கணும்?"

சாமி பார்த்த வாரண்டு

அண்ணாச்சியின் தங்கை சீனியம்மாள். கழுகுமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் பருத்தியும் கம்பும் போடுகிற சம்சாரி வீடு. மகள் கல்யாணத்துக்கென்று பருத்திப் பணத்தில் மிச்சம் பிடித்து, என் மூலமாக ஒரு பம்புசெட் கம்பெனியின் பங்குகளைத் தன் பேரில் வாங்கி வைத்திருந்தாள். அந்தக் கம்பெனி கொடுத்தது பதினெட்டு சதவீதம்தான், பத்து ரூபாய்ப் பத்திரத்துக்கு ஒரு ரூபாய் எண்பது பைசா. ஆனால் அவள் வாங்கின விலையும் பதினெட்டு ரூபாய்தான். போட்ட காசுக்கு நூற்றுக்குப் பத்து.

முதல் ஈவுத்தொகைக்கான வாரண்டு தபாலில் வந்தது. அது செக் மாதிரி, கெடுவுக்குள் பேங்கில் போட வேண்டும். அவள் போடவே இல்லை என்று தெரிந்ததும் பஸ் ஏறிப் போனேன். வாரண்டு முருகன் படத்துக்குக் கீழே, கம்பெனி பேர்கூடத் தெரியாத அளவுக்கு மஞ்சளும் குங்குமமுமாக வீற்றிருந்தது. புது வாரண்டு வாங்க நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். இதில் அவளுக்கு என் மேல் கோபம் வேறு. "பங்குனி உத்திரம் முடியாம சாமிக்கு வச்சதை எப்படிக்கா எடுக்க? உங்க கம்பெனிக்காரனுக்கு அதுகூடவா தெரியாது?"

எடுத்தவ மூஞ்சி

அண்ணாச்சிக்கு மில் ஆசை அடங்கவில்லை. தங்கையின் பங்குகளை விற்று மில்லில் போட்டால் தை மாதக் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடக்கும் என்று, தாய்மாமன் அதிகாரத்தில் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். விற்கவும் வாங்கவும் எனக்கு ரெண்டு கமிஷன். ஆனால் நான் மில்லின் ஆண்டறிக்கையை வரவழைத்துப் பார்த்திருந்தேன். பங்குக்கு ரெண்டு ரூபாய் சம்பாதித்து, நாலு ரூபாய் கொடுத்திருந்தார்கள். மீதி ரெண்டு பழைய சேமிப்பிலிருந்து. பம்புசெட் கம்பெனியோ நாலு ரூபாய் சம்பாதித்து, ரெண்டுக்கும் குறைவாகக் கொடுத்து, மிச்சத்தைத் தொழிலிலேயே போட்டுக்கொண்டிருந்தது.

"எவ்வளவு கொடுக்கான்னு பாக்காதீங்க அண்ணாச்சி. சம்பாதிச்சுக் கொடுக்கானா, இருப்பைத் தின்னு கொடுக்கானான்னு பாருங்க" என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

சீனியம்மாள் ஊரில் ஏலச்சீட்டு நடத்துகிறவள். அவள் பக்கம் திரும்பினேன். "ஒரு மாசம் எல்லாருக்கும் கழிவு எக்கச்சக்கமா வந்தா என்ன அர்த்தம் சீனி?" சீட்டுக் கட்டியவர்களுக்குத் தெரியும்: எவளோ ஒருத்தி பணத்துக்கு ரொம்ப முட்டுப்பட்டுப்போய், கிடைத்தது போதும் என்று குறைத்து ஏலம் எடுத்திருக்கிறாள், அவள் விட்டதுதான் மற்றவர்களுக்குக் கழிவு. சீனியம்மாள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "கழிவு கூட வந்தா நான் சந்தோசப்பட மாட்டேண்ணே, எடுத்தவ மூஞ்சியத்தான் பாப்பேன். இந்த மில்லு மூஞ்சி சரியில்ல."

பருப்பு விலை

கல்யாணத்துக்கு வரமாட்டேன், சீரும் கிடையாது என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி படி இறங்கினார். தாய்மாமன் நிற்காத மணமேடை எங்கே உண்டு? சீனியம்மாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே போனாள். போதாக்குறைக்கு மில் பங்கு நூறு, நூற்றிப்பத்து என்று ஏறிக்கொண்டே போனது. கணக்கை மறுபடி மறுபடி பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு அண்ணன் தங்கையைப் பிரித்த பாவம் என் தலையிலா என்று இருந்தது.

வேறு கடையில் சாமான் வாங்கினால் நான் பயந்துவிட்டேன் என்பார் அண்ணாச்சி. விடுவேனா? பையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போனேன். தராசைப் பிடித்தபடி, கடைத்தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "துவரம்பருப்பு வெலையப் பொறவு சொல்லுதேன் ஷேரக்கா. முதல்ல மில்லு வெலையக் கேட்டுட்டுப் போங்க!"

பந்தியில்

ஐப்பசியில் மில் அறிவித்தது: இந்த வருஷம் ஈவுத்தொகை கிடையாது. பங்கு முப்பதுக்கு விழுந்தது. அண்ணாச்சி திருநெல்வேலிப் புரோக்கர் ஒருவர் மூலம் சொந்தக் காசில் மில் பங்கு கொஞ்சம் வாங்கியிருந்தார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. நான் கொஞ்ச நாள் அவர் கடைப் பக்கமே போகவில்லை. ஜெயித்தவள் போய் எதிரில் நிற்கக் கூடாது. சீனியம்மாளின் பம்புசெட் பங்குகளை நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்தேன். கல்யாணச் செலவுக்கு அவள் யாரிடமும் கை நீட்டவில்லை.

தை மாதம், கழுகுமலையில் கல்யாணம். முகூர்த்தம் நெருங்க நெருங்க அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மேளத்தோடு, சீர்த்தட்டுகளோடு, அண்ணாச்சி வந்து இறங்கினார். அவள் ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா, தானும் கொஞ்சம் பங்கு வாங்கலாம் என்று இருப்பதாகவும், எந்தக் கம்பெனி அதிகமாகக் கொடுக்கும் என்றும் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து இலையிலிருந்து அண்ணாச்சி பதில் சொன்னார். "எவ்வளவு கொடுக்கான்னு பாக்காதீய சம்பந்தி. சம்பாதிச்சுக் கொடுக்கானா, இருப்பைத் தின்னு கொடுக்கானான்னு பாருங்க. தங்கச்சிட்ட நான் அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்லா!"

என் வார்த்தையை என் காதுபடவே தன் வார்த்தையாக அவர் வழங்கியதற்கு "ஆமா அண்ணாச்சி" என்று தலையாட்டி, இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய கமிஷன் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் முன்னால் வரலாம்.