அறுபதின் மேல் ஒரு வட்டம்

ஸ்டாஃப் ரூமில் ஹில்டா மிஸ்ஸுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. நான் தமிழ், அவர் கணக்கு. தாம்பரத்தில் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் சின்னப் பள்ளி எங்களுடையது. பதினெட்டு வருடமாக அந்த எட்டாம் வகுப்பு அவர் பிடியில்தான்.

'இதைவிடப் பெரியது, சிறியது' என்று வரும் அசமன்பாட்டை எண்கோட்டில் காட்டும் பாடம் வந்தால் பிள்ளைகள் உயிரை வாங்கிவிடுவார். எல்லை எண்ணும் விடையில் சேர்ந்தால் அதன் மேல் போடும் வட்டத்துக்கு மை தீட்ட வேண்டும், சேராவிட்டால் காலியாக விட வேண்டும். மாறினால் ஒரு மதிப்பெண் போச்சு. ஒரு பொட்டு மைக்கு இவ்வளவு அடாவடியா என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

ஊரப்பாக்கத்தில் ஓர் அறக்கட்டளைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு இலவச இடம் தர ஜனவரியில் தேர்வு வைப்பார்கள். அறுபதும் அதற்கு மேலும் வாங்கினால் இடம். தேறியவர்களின் பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பது ஹில்டா, சம்பளம் இல்லாத வேலை.

எங்கள் எட்டாம் வகுப்பு மெஹ்னாஸும் எழுதியிருந்தாள். அவள் அம்மா சாஜிதா ஒண்டி ஆள், ஏற்றுமதி கம்பெனியில் தையல். "அந்த ஸ்கூல்ல ஏழு மணி வரிக்கும் புள்ளைங்கள வெச்சிக்கிறாங்க மிஸ். கெடைச்சா எங்கூட இருப்பா. இல்லன்னா ஆம்பூர்ல எங்க அக்கா வூட்ல வுட்றணும்" என்று சொல்லியிருந்தார். பட்டியலில் மெஹ்னாஸ் பெயர் வரவில்லை. பாவம் என்று நினைத்ததோடு நாங்கள் விட்டுவிட்டோம்.

மார்ச்சில் வகுப்புத் தேர்வு. மெஹ்னாஸ் தாளோடு ஹில்டா அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"மூணு கணக்கு, மூணுலயும் எல்லை எண் சேரும், ஆனா வட்டம் காலி. முதல் நாளே சரியாப் போட்டவ நீ. என்னம்மா ஆச்சு?"

"மாத்திகினேன் மிஸ்."

"யாரு மாத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அறுபதும் அதுக்கு மேலயும்னு நோட்டீஸ்ல இருந்துச்சு. மார்க் ஸ்லிப்ல எனக்குச் சரியா அறுபது. கோடு போட்டு, வட்டத்துக்கு மை தீட்டி, நான் உள்ள இருக்கேன்னு அம்மாகிட்ட காட்னேன். லிஸ்ட்ல பேரு இல்ல. அப்ப நான்தான் தப்பாப் புரிஞ்சிகினேன். வட்டம் காலிதானே மிஸ்?"

ஹில்டா தாளை மேசையில் வைத்தார். மடிக்கணினியைத் திறந்தார். ஜனவரிப் பட்டியலுக்குப் பெயர்களைப் பிரித்த இடத்தில் 'அறுபதைவிடப் பெரியது' என்று தேர்ந்தெடுத்திருந்தார். 'பெரியது அல்லது சமம்' அதற்கு அடுத்த வரியில் அப்படியே இருந்தது. கணக்கே வராத எனக்கும் புரிந்தது. சரியாக அறுபது வாங்கிய மூன்று பேர் விடுபட்டிருந்தார்கள்.

அன்று மதியமே அரைநாள் விடுப்பு போட்டு ஊரப்பாக்கம் போனார். நானும் கூடப் போனேன். அறக்கட்டளைச் செயலாளர் வேதசிரோமணி நல்ல மனிதர்.

"சீட் எல்லாம் கொடுத்தாச்சு மேடம். கம்ப்யூட்டர் மிஸ்டேக்னு சொல்லிக்கலாம்."

"கம்ப்யூட்டர் இல்ல சார், நான்."

நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பட்டியல் பக்கத்திலேயே ஒட்டச் சொன்னார். வேதசிரோமணி அதை இரண்டு முறை படித்தார். பிறகு பட்டியலின் அடியில் தன் கையாலேயே மூன்று பெயர்களைச் சேர்த்தார்.

மெஹ்னாஸும் இன்னொரு பிள்ளையும் சேர்ந்தார்கள். மூன்றாவது பையனின் குடும்பம் கேளம்பாக்கம் பக்கம் குடிபோய்விட்டதாம். அவர்கள் கொடுத்திருந்த போன் எண்ணை ஹில்டா இன்றும் அடித்துப் பார்க்கிறார், போன் போவதே இல்லை.

ஊரப்பாக்கம் போய்வந்த மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் தன் தப்பைச் சொன்னாராம். இடம் கிடைத்த செய்தியையும் சொல்லி, மெஹ்னாஸிடம் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"இதுல போட்டிருக்கிறது தப்புதான். மார்க் போட முடியாதும்மா."

"மார்க் வேணாம் மிஸ். மொதல்ல நான் அம்மாகிட்ட காட்னது ரைட்டா?"

"ரைட்டும்மா" என்றாராம் ஹில்டா. மெஹ்னாஸ் உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, மூன்று வட்டத்துக்கும் மை தீட்டுவதுபோல் அழுத்தித் தீட்டினாளாம்.