நல்லம் என்று சொல்லாத படம்

எனக்குப் பிடித்த படங்களின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் "இதெல்லாம் ஒரு படமா?" என்று யாராவது கேட்பீர்கள், எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதனால் கதையை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பழைய கறுப்பு வெள்ளைப் படம். சமையல்காரன் என்று பொய் சொல்லிக் கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவனுக்குக் கடைசியில் ஊருக்கே சமைக்க வேண்டி வந்துவிடும். ஒவ்வொரு முறையும் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுக்கும். இன்னொன்று, எங்கேயோ ஒரு வறண்ட நாட்டில், பழுதாய்ப்போன தண்ணீர் மோட்டாரை பஸ்ஸில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோகிற விதவைப் பெண்ணின் கதை. மொழி தெரியாது. கீழே ஓடுகிற எழுத்தை வாசித்துத்தான் அழுதேன்.

அடுத்தது என் உயிர். கணவன் வெளிநாட்டு வேலைக்கு ரயிலேறுகிறான். வழியனுப்ப மனைவி ஓடி வருகிறாள், ரயில் போய்விட்டது. அவள் அழவில்லை. அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்து, அவனுக்கென்று கொண்டுவந்த தோடம்பழத்தை உரித்துத் தானே சாப்பிடுகிறாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிடும்.

இந்தப் படங்களையெல்லாம் நான் என் ராத்தாவோடு பார்த்தேன். எனக்கு மூத்தவள், என்னைவிட வாய்க்காரி. ஒரு காட்சியில் எங்களுக்குள் ஒத்துவராவிட்டால் "திரும்பப் போடு" என்பாள். திரும்பப் போட்டு, திரும்பச் சண்டை பிடித்து, உம்மா வந்து இரண்டு பேரையும் ஏசும்வரை ஓயமாட்டோம். பிறகு ராத்தா கணவரோடு கட்டாருக்குப் போய்விட்டாள். நான் தனியாகப் பார்த்தேன். சண்டை பிடிக்க ஆளில்லாமல் படம் பார்ப்பதில் ஒரு சுவையும் இல்லை.

ஆகவே எனக்குக் கல்யாணம் பேசியபோது இருந்தது ஒரே கவலை. மாப்பிள்ளை படம் பார்ப்பாரா? அதை யாரிடம் கேட்பது? நற்பிட்டிமுனைக்காரர், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார், தங்கமான குணம் என்றார்கள். படத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவர் வந்த முதல் ஞாயிறு, அஸர் தொழுதுவிட்டு வந்ததும், கச்சான் கடலையும் தேத்தண்ணியும் வைத்துச் சமையல்காரன் படத்தைப் போட்டேன். அவர் கதிரை நுனியில், முழுக்கைச் சட்டை கசங்காமல், வேலைக்கு நேர்முகம் கொடுக்க வந்தவரைப் போல இருந்து முழுவதும் பார்த்தார்.

"எப்பிடி மச்சான்?"

"நல்லம்."

மோட்டார் படத்தைப் போட்டேன். அதுவும் நல்லம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டாருக்கு அழைத்து ராத்தாவிடம் ஒரே பீற்றல்.

இப்படியிருக்க, ஒருநாள் உம்மா மீன் ஆணத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டார். வாப்பா ஒரு வாய் வைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார். எனக்கு விழுங்க முடியவில்லை. இவர் மட்டும் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்.

"ஆணம் எப்பிடி மகன்?"

"நல்லம் மாமி." இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

அதே குரல். அதே நல்லம். மனைவி வீட்டில் புது மாப்பிள்ளை எதையும் குறை சொல்லமாட்டார், அது மரியாதை என்பது எனக்குத் தெரியாததா? அப்படியென்றால் என் படங்களும் அந்த ஆணம்தானா? சோதித்துப் பார்க்க, கார் பறந்து வீடு இடிகிற குப்பைப் படம் ஒன்றைப் போட்டேன். அதற்கும் நல்லம் என்றார். குசினிக்குள் போய் அழுதேன். காலம் முழுக்கத் தலையாட்டிக்கொண்டே படம் பார்க்கப்போகிற மனிதரோடு நான் என்ன செய்வேன்?

அடுத்த ஞாயிறு அவருடைய உம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். வாசலைத் தாண்டியதும் ஆளே மாறிவிட்டார். சாரனை உடுத்துக்கொண்டு பாயில் உருண்டார். "என்ன உம்மா, கத்தரிக்காய் கருகிப் பெய்த்து!" என்றார். ஏதோ தொலைக்காட்சி நாடகத்துக்காகத் தங்கச்சியோடு மல்லுக்கட்டினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பிறகு பையிலிருந்த மடிக்கணினியை எடுத்து அதே பாயில் வைத்து, தோடம்பழப் படத்தைப் போட்டேன். மற்றவற்றை ஏசினால் தாங்குவேன். இதை ஏசினால் என்ன ஆவேனோ என்று பயமாக இருந்தது.

படம் முடிந்தது. "எப்பிடி மச்சான்?"

"எனக்குப் புடிக்கல்ல."

"ஏன்?"

"அவ ஓடி வாறதெல்லாம் பொய் புள்ள. வேணுமெண்டுதான் பிந்தி வந்தவ. வெளிக்கிடக்குள்ள மணிக்கூட்டப் பாத்திட்டு, மறுகாவும் இரிந்து தலையச் சீவுறா. அந்த மனிசன்தான் பாவம்."

"மணிக்கூடா? அந்த ஊட்டுல மணிக்கூடே இல்ல!"

"இரிக்கி புள்ள. நான் கண்ட."

"எத்தின தரம் பாத்த நான்! எனக்குத் தெரியாதா?"

வரும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் அதே சண்டை. தலைக்கவசத்துக்குள்ளிருந்து அவர் கத்த, பின்னாலிருந்து நான் கத்த, சந்தியில் பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் "ஊட்ட போய்க் கதைங்க தம்பி" என்றார். எனக்குக் கோபம்தான். ஆனால் அப்படியொரு சந்தோஷம்! என் உயிரான படத்தை ஒருவர் கிழிகிழி என்று கிழிக்கிறார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். உள்ளே போய், பழையபடி கதிரை நுனியில் இருந்தார். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"சீனி காணுமா மகன்?"

"நல்லம் மாமி."

போயிற்று, எல்லாம் அந்த வீட்டோடு போயிற்று என்று நினைத்தேன். மடிக்கணினியை நிலத்தில் வைத்துத் திறந்தேன். அவர் உம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டுக் கதிரையிலிருந்து இறங்கி, என் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"அந்த இடத்தப் போடு, பாப்பம்."

போட்டேன். அவள் பையை எடுக்கிறாள். தலையைத் திருப்புகிறாள். சுவரில் மணிக்கூடு. இத்தனை நாளும் நான் அவளுடைய முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். விடுவேனா?

"அது நிண்டுபோன மணிக்கூடு மச்சான். முள்ளு அசையவே இல்ல."

அவர் மூக்கு முட்டுமளவுக்குத் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"திரும்பப் போடு," என்றார்.