பெர்மாஸ் ஜெயா கொசுக்களும் நான் எழுதிய பொய்யும்

இந்த மாதம் இரண்டாவது வார இறுதியில் ஜொகூருக்குப் போனேன். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கார் இல்லாமல் பஸ்ஸிலேயே மலேசியாவைச் சுற்றுகிறவர்களுக்காக நான் எழுதும் பக்கம் இது. பஸ் நேரம், கட்டணம் எல்லாம் இந்தப் பதிவிலும் உண்டு. ஆனால் அவற்றைத் தேடி வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எட்டு மாதங்களுக்கு முன் பெர்மாஸ் ஜெயாவில் என் அக்கா புஷ்பாவின் அடுக்குமாடி வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். காலையில் மூன்றாம் மாடி நடைபாதையில் மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெண் வட்டமான பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கொசுக்கள் பறந்தன. நான் கைப்பேசியை எடுத்து வீடியோ பிடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. "இது டிங்கிக் காய்ச்சல கொறைக்கிற கொசுண்ணே. உள்ள ஒரு நுண்ணுயிரி வச்சிருக்காங்க. அது இருந்தா டிங்கி கிருமி கொசு ஒடம்புல சரியா வளராது" என்று நிதானமாக விளக்கினார். கடைசியில், "வீடியோ எடுங்க, பரவால்ல. என் மூஞ்சிய மட்டும் போடாதீங்க லா" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

ஊருக்குத் திரும்பியதும் 'பெர்மாஸ் ஜெயாவில் மரபணு மாற்றிய கொசுக்கள்: கண்ணால் கண்டேன்' என்று தலைப்புப் போட்டு எழுதினேன். அவர் மரபணு என்ற சொல்லையே சொல்லவில்லை. அது நான் சேர்த்தது. அவருடைய விளக்கம் நீளமாக இருந்ததால் வெட்டினேன். முகத்தை மறைக்கவில்லை, மறைக்கத் தெரியாமல் இல்லை, சோம்பல். 'கர்ப்பிணிகளுக்கு என்ன ஆகும் என்று யாராவது சொன்னார்களா?' என்றும் ஒரு வரி எழுதினேன். கேள்வியாகக் கேட்டால் பொய் ஆகாது என்று ஒரு நினைப்பு. வழக்கமாக இருநூறு பேர்கூடப் படிக்காத பக்கம் இது. அந்தப் பதிவு எங்கெங்கோ போனது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு மாதத்துக்கு முன் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் சக ஊழியர் ஒருவர் சிரித்துக்கொண்டே தன் கைப்பேசியைக் காட்டினார். முதலில் நான் எடுத்த வீடியோ ஓடியது. என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. அதோடு வேறு யாரோ எடுத்த இன்னொரு துண்டும் ஒட்டியிருந்தது. அதே பெண், அதே மஞ்சள் அங்கி, மேலிருந்து அழுக்குத் தண்ணீர் தலையில் கொட்டுகிறது. நனைந்த டப்பாக்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் மின்தூக்கியை நோக்கி நடக்கிறார். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். சோற்றுப் பொட்டலத்தை மூடிவிட்டு எழுந்தேன்.

அவர் வீடு வீடாகக் கொடுத்த விளக்கத் தாளை அக்கா வைத்திருந்தாள். அதில் அவருடைய எண் இருந்தது. நான் யார் என்பதைச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: 'ஞாயிறு ஒரு மணி. கோத்தா திங்கி பஸ் ஸ்டேஷன்.' அவரை இங்கே கோமதி என்று குறிப்பிடுகிறேன். அது அவரே தேர்ந்தெடுத்த பெயர்.

சனிக்கிழமை காலை 7.30க்குச் சிரம்பானிலிருந்து பஸ். கட்டணம் 26 வெள்ளி (ரிங்கிட்). ஜொகூரின் லார்க்கின் பஸ் நிலையத்துக்கு நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பார்கள். கூலாய் தாண்டும்போது நெரிசலில் மாட்டி, இறங்கும்போது 11.50 ஆகிவிட்டது. அங்கிருந்து பெர்மாஸ் ஜெயாவுக்குச் செயலியில் கூப்பிட்ட காருக்கு 17 வெள்ளி, இருபத்தைந்து நிமிடம். ஓட்டுநர் ஒரு தமிழ்ப் பெரியவர். எந்த அடுக்குமாடி என்று சொன்னதும், "அலமாக், அந்தக் கொசு பிளாட்டா?" என்றார்.

அக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும் முன்பே அந்த இரண்டாவது வீடியோவை அவளிடம் காட்டினேன். யார் ஊற்றியது என்று விசாரித்துக்கொண்டு போகலாம் என்று ஓர் எண்ணம். பழியில் பாதியை இன்னொருவர் தோளில் வைக்க ஆசைப்பட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தண்ணிய ஊத்துனது நான்தான்டா."

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன்.

"தரை தொடச்ச மாப்பு கழுவுன தண்ணி. கவிதா ஏழு மாசம் அப்ப, இங்கதான் இருந்தா. நீ எழுதியிருந்தத அவதான் படிச்சுக் காட்டுனா. வயித்துல உள்ள புள்ளைக்கு என்னாகும்னு கேட்டிருந்தியே. ரெண்டு நாளு எனக்குத் தூக்கமே இல்ல. அந்தப் பொண்ண கீழ பாத்ததும் என்ன செய்றேன்னே தெரியல, தூக்கி ஊத்திட்டேன்."

"எங்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேக்கா?"

"நீ எழுதுனா சரியாத்தானே எழுதுவ?" என்றாள்.

அக்கா மகள் கவிதாவுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆனால் தண்ணீர் ஊற்றிய அடுத்த வாரமே குடியிருப்போர் கையெழுத்து வாங்கி, அந்தக் கட்டடத்தில் கொசு விடுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் டிங்கியால் ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தார். அதற்கும் என் பதிவுக்கும் தொடர்பு உண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை அக்கா, "நான் வரல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

லார்க்கினிலிருந்து கோத்தா திங்கிக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். ஆளுக்கு 5 வெள்ளி 20 காசு. ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. உலு திராம் வரை கடைகளும் நெரிசலும். அதன் பிறகு இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். ஜன்னலோர இருக்கையில் வழக்கமாகக் குறிப்பு எடுப்பேன். அன்று எடுக்கவில்லை. அக்கா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தாள்.

பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் கோமதி காத்திருந்தார். இப்போது ஊருக்கு வெளியே ஒரு செம்பனை நாற்றுப் பண்ணையில் பைகளில் மண் நிரப்பும் வேலை. நகக்கண்களில் மண் இருந்தது. மூவருக்கும் தே தாரேக் சொன்னேன். பேச ஆரம்பித்தேன், மனப்பாடம் செய்துவைத்திருந்ததில் பாதி மறந்துபோனது. "நீங்க சொன்னத வெட்டினேன். சொல்லாதத சேர்த்தேன். மூஞ்சிய போடமாட்டேன்னு ஒத்துக்கிட்டுப் போட்டேன். தப்பு முழுக்க என்னோடது" என்றேன்.

அவர் பதில் சொல்லும் முன்பே அக்கா குறுக்கிட்டாள். "தண்ணி ஊத்துனது நான்தாம்மா."

"தெரியும்க்கா" என்றார் கோமதி. "மேல நிமிந்து பாத்தேன்ல. நாலாவது மாடி, நீலத் தொட்டிச்செடி வீடு. உங்ககிட்ட சம்மதக் கையெழுத்து வாங்குனதே நான்தான். தே போட்டுக் குடுத்தீங்க."

"யாருகிட்டயும் சொல்லலியே?"

"ஆபீஸ்ல கேட்டாங்க. பாக்கலன்னு சொல்லிட்டேன். வீட்ல மாசமா ஒரு பொண்ணு இருந்துச்சு. நீங்க பயந்துட்டீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவரு பயந்து செய்யலயே."

கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தொன்று, அப்படி ஒரு கூச்சத்தை நான் அதுவரை அறிந்ததில்லை.

அந்த வேலைக்காக இரண்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார் கோமதி. தமிழிலும் மலாயிலும் விளக்கி, சந்தேகப்பட்டவர்கள் வீட்டுக்கு மூன்று முறைகூடப் போயிருக்கிறார். அவர் விட்டது வொல்பாக்கியா என்ற நுண்ணுயிரி உள்ள ஏடிஸ் கொசு. பல பூச்சிகளில் இயற்கையாகவே இருக்கும் அந்த நுண்ணுயிரியைக் கொசு முட்டைக்குள் செலுத்தி வளர்க்கிறார்கள். மரபணுவில் கை வைப்பதில்லை. மரபணு மாற்றிய கொசுக்களும் உலகில் சில இடங்களில் உண்டு. அங்கே கடிக்காத ஆண் கொசுவை விடுகிறார்கள். அதற்குப் பிறக்கும் பெண் கொசுக்கள் வளரும் முன்பே செத்துவிடும்படி மாற்றியிருப்பார்கள். இரண்டைப் பற்றியும் கேட்க நியாயமான கேள்விகள் இருக்கின்றன. கேட்பதற்கு முன் எது எது என்றாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"வேலைய அவங்க எடுக்கல. நானே விட்டுட்டேன். மார்க்கெட்டுல கொசுக்காரின்னு கூப்புட்டாங்க. எங்க வீட்டுக்காரரு போதும்னுட்டாரு" என்றார். வீடியோவை அவர் முன்னாலேயே அழித்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அது இப்ப உங்க கையில இல்லண்ணே" என்றார். உண்மைதான். எத்தனை பேரிடம் இருக்கிறதோ.

நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன். யோசித்தார். "எழுதுங்க. என் பேரு வேணாம். கோத்தா திங்கின்னு போடலாம், பெரிய ஊருதான். போடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க." தேநீருக்கு அவரே பணம் கொடுத்தார். நான் எழுந்தபோது கையமர்த்திவிட்டார். கிளம்பும்போது அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவில்லை. எனக்கு அந்த உரிமையும் இல்லை. 3.15 பஸ்ஸில் திரும்பினோம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். லார்க்கினில் கையைப் பிடித்து இழுக்கும் வாடகைக் கார்களைவிடச் செயலி மலிவு. கோத்தா திங்கிக்கு ஆண்டு இறுதி மழையில் போகாதீர்கள். ஆறு ஊருக்குள் வந்துவிடும். அருவி ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸை நம்ப முடியாது. நான் இம்முறை அங்கே போகவில்லை. அடுக்குமாடி நடைபாதையில் யாராவது டப்பாவோடு நின்றால் என்னவென்று கேளுங்கள். சொல்வதை முழுவதும் கேளுங்கள். வீட்டில் தேங்கிய தண்ணீரை வாராவாரம் கொட்டுங்கள். இந்தக் கொசுக்கள் வந்தாலும் அந்த வேலை குறையாது. அந்தப் பழைய பதிவின் இடத்தில் இப்போது இது இருக்கிறது.

எழுதி முடித்ததும், வாக்குக் கொடுத்தபடி, கோமதிக்கு அனுப்பினேன். மறுநாள் மதியம் அவரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது.

"படிச்சிட்டேண்ணே. பஸ்ஸு நேரமெல்லாம் சரியா இருக்கு. கடைசில மட்டும் 'கோமதி என்னை மன்னித்துவிட்டார்'னு ஒரு வரி போட்டிருக்கீங்க. நான் அப்படிச் சொல்லலயே. அத எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன்.