கீழே முகூர்த்தப் புடவை, மேலே டிரம்ஸ்

என் டிரம்ஸ் கொழகொழவென்று இருக்கிறது என்று முதலில் சொன்னவள் என் கல்லூரித் தோழி. எங்கள் குழுவின் பாடகி அவள்தான். நாங்கள் மொத்தம் மூன்று பேர். அவள் பெங்களூரில், கிடார் வாசிக்கிறவன் சென்னையில், நான் காஞ்சிபுரத்தில். அவரவர் வீட்டிலேயே அவரவர் பங்கைப் பதிவு செய்து அனுப்பிக்கொள்வோம். எல்லாவற்றையும் சேர்த்துப் பாட்டாக்குகிற மிக்ஸிங் வேலையும் என்னுடையது. ஐந்து பாட்டு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்கென்று நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

"கோச்சுக்காதடி. உன் டிரம்ஸ் மட்டும் போர்வைக்குள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா கம்ப்யூட்டர் டிரம்ஸ் போட்டுடலாம். உனக்கும் வேலை மிச்சம்" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

வேலை மிச்சமாம். எனக்கு வந்த கோபத்தில் போனைக் கட்டிலில் வீசினேன். எங்கோ யாரோ அடித்து வைத்த அடிகளை எடுத்து, நான் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஐந்து பாட்டும் வெளியே போகும், என் கை மட்டும் அதில் இருக்காது. இந்த வீட்டை விட்டு வெளியே போக என்னிடம் இருந்ததே அந்தக் கை ஒன்றுதான்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் குடும்பம் திருப்புட்குழிப் பக்கம் விவசாயம் பார்த்தவர்கள். டவுனுக்கு வந்து பட்டுப்புடவை வியாபாரத்தில் இறங்கினார்கள். தனியாகக் கடை கிடையாது, வீட்டுக் கூடம்தான் கடை. கல்யாண வீட்டார் பத்துப் பதினைந்து பேர் வேனில் வந்து இறங்குவார்கள். பாயில் வெள்ளை விரிப்புப் போட்டு உட்கார வைத்து, முதலில் முகூர்த்தப் புடவையை எடுக்க வைப்போம். அது எடுத்து முடிகிறவரை வீட்டில் ஒருவரும் தும்மக் கூடாது. 'இல்லை' என்ற சொல் யார் வாயிலும் வரக் கூடாது. கேட்ட நிறம் இல்லாவிட்டால்கூட என் மாமியார், "அது இன்னும் நல்லதா வந்துக்கினு இருக்குதுமா" என்பார். நான் அத்தை என்று கூப்பிடுவது அவரைத்தான்.

மாடி அறையில் டிரம்ஸை வைத்த முதல் வாரமே வில்லங்கம் வந்தது. நான் மிதிகட்டையை மிதித்துப் பெரிய டிரம்மைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு கல்யாணப் பெண்ணின் தோளில் அரக்கு நிறப் புடவையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கூட வந்த பெரியம்மா ஒருத்தி சட்டென்று புடவையை எடுத்துப் பாயில் வைத்துவிட்டாளாம். நாளைக்கு வருகிறோம் என்று கிளம்பிப் போனவர்கள் வரவேயில்லை.

அத்தை மெல்லப் படியேறி வந்தார். "ஏம்மா, நீ வாசிக்கறது தப்புன்னு சொல்லல. ஆனா கீழ கேக்கறப்ப சாவு மேளம் மாதிரியே இருக்குதுமா. நல்ல காரியத்துக்குப் பொடவ எடுக்க வந்தவங்க என்ன நெனைப்பாங்க? மெதுவா வாசி. அவ்ளோதான்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அத்தை நல்லவர், அதுதான் தொல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து மேலே கொண்டு வந்து கொடுப்பவரிடம் எந்த முகத்தோடு சண்டைக்குப் போவது? சரி அத்தை என்றேன்.

என் கணவர் தன் பங்குக்கு ஒரு யோசனை கண்டுபிடித்தார். "சவுண்டு வெளிய போவாம பண்ணிட்டா முடிஞ்சுதுமா" என்று ஜன்னலில் மெத்தையை நிறுத்தி வைத்துக் கட்டினார். பெரிய டிரம்முக்குள் இரண்டு தலையணையைத் திணித்தார். பிறகு குடோன் அறையில் இருந்த புடவை மூட்டைகளை, வெள்ளைத் துணி சுற்றியபடியே, மூன்று சுவரிலும் என் தலை உயரத்துக்கு அடுக்கினார். காஞ்சிபுரத்தைத் தவிர வேறெந்த ஊரில் பட்டுப்புடவையை வைத்து ஒலிப்பதிவு அறை கட்டுவார்கள்? சிரித்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. கீழே யாராவது மாம்பழ மஞ்சள் கேட்டால், மாம்பழ மஞ்சள் மூட்டை என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வேலைக்கு இருந்த அக்கா வந்து அதை உருவிக்கொண்டு போவார். போன இடத்தில் பொந்து விழும், அன்றைக்குப் பதிவான பாட்டின் ஒலியே மாறிவிடும். அடுத்த பாட்டுக்கு மயில் கழுத்து நிறம் வந்து அந்தப் பொந்தில் உட்கார்ந்திருக்கும். மின்விசிறி போட்டால் மைக்கில் காற்று கேட்கும் என்பதால் அதுவும் கிடையாது. ஜன்னல் அடைத்து, சுவர் அடைத்து, கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தால் வேர்வை கண்ணில் இறங்கும். மூச்சு முட்டும். வாசித்து முடித்ததும் கதவைத் திறக்க ஓடுவேன். எதற்காக இதெல்லாம் என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

தோழியின் குரல் செய்தி வந்ததிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிக்ஸிங்கோடு மல்லுக்கு நின்றேன். எனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கினேன். கிடாரின் அடிப்பகுதியில் இருந்த கனத்தை வெட்டினேன், டிரம்ஸுக்கு இடம் கிடைக்கட்டும் என்று. டிரம்ஸிலேயே கீழ்ச் சுருதிக்குச் சற்று மேலே அடைத்துக்கொண்டிருந்த பகுதியைக் குறைத்தேன். கொழகொழப்பு போயிற்று, கூடவே உயிரும் போயிற்று. காலித் தகர டப்பா மாதிரி இருந்தது. மேல் சுருதியை ஏற்றினால் சிம்பல் தட்டின் ஓசை ஊசியாகக் குத்தியது. ஒரு மைக்கும் இன்னொரு மைக்கும் ஒன்றையொன்று அழிக்கின்றனவோ என்று ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பினேன். கொஞ்சம் தேவலாம் என்று இருந்தது. மறுநாள் காலையில் கேட்டால் பழைய குருடி கதைதான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை மதியம், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மின் மைக்கை மட்டும் தனியாகக் கேட்டேன். அடிக்கும் அடிக்கும் நடுவில் என்ன இரைச்சல் என்று பார்ப்பதற்காக ஒலியை நன்றாக ஏற்றினேன். இரைச்சல் இல்லை. அத்தை பேசிக்கொண்டிருந்தார்.

"பார்டரு தனியா கோத்து நெய்ஞ்சதுமா. வேணும்னா இழுத்துப் பாரு."

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவைப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்தக் குரல் பதிவுக்குள் இருந்தது. மெத்தை, மூட்டை, தரை எல்லாவற்றையும் தாண்டி, கீழே கூடத்தில் அவர் புடவை விற்றதை என் மைக் வாங்கி வைத்திருந்தது. என் அடியின் சத்தத்துக்கும் அவர் பேச்சின் சத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்போதுதான் அடிகளின் அலையைக் கம்ப்யூட்டர் திரையில் கண்ணால் பார்த்தேன். ஸ்நேரை ஓங்கி அடித்தால் அலை முதலில் முள்ளாக எழும்பும், பிறகு வால் மாதிரி இறங்கும். அந்த முள்தான் காதுக்குத் தெளிவு. என் அடிகளில் முள்ளே இல்லை, எல்லாம் வால். நான் அவ்வளவு மெதுவாக அடித்திருக்கிறேன். அடி கேட்கவில்லையே என்று மைக்கின் கூர்மையை ஏற்றியிருக்கிறேன். ஏற்றிய மைக் அறையின் இறுக்கத்தையும் வீட்டுப் பேச்சையும் சேர்த்து வாரியிருக்கிறது. இத்தனை நாளாக நான் மிக்ஸிங்கில் குறைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். அடிக்காத அடியை எந்த மிக்ஸிங்கில் கூட்டுவது?

கல்லூரியில் யாரோ போனில் எடுத்த பழைய பதிவு ஒன்றைத் தேடிப் போட்டேன். ஒரே ஒரு போன், எதிரொலிக்கிற ஹால், ஆனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறித்தது. இப்படி அடிக்கிற பெண்ணை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பொறாமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருப்புட்குழியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அத்தை தைலத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். கணவருக்கு விஷயம் தெரியும். கிளம்பும் முன் ஜன்னல் மெத்தையை அவரே அவிழ்த்துக் கீழே போட்டார். "சாப்ட்டு முடிச்சுட்டுதான் வருவோம். நல்லா அடி" என்றார்.

வேன் போயிற்று. ஜன்னலைத் திறந்தேன், கதவைத் திறந்தேன், டிரம்முக்குள் இருந்த தலையணைகளை வெளியே இழுத்தேன். மைக்கின் கூர்மையைப் பாதியாகக் குறைத்தேன். முதல் பாட்டை முழுவதும் வாசித்துவிட்டுப் போட்டுக் கேட்டேன்.

அதே கொழகொழ.

வீட்டில் ஈ காக்கை இல்லை. கீழே பாய்கூடச் சுருட்டி வைத்திருந்தது. என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. என் கை மட்டும் பாதி தூக்கி, பாதியிலேயே இறங்கியிருந்தது. படியில் காலடி கேட்கிறதா என்று காது அங்கேயே நின்றிருந்தது. அழுகை வந்தது. அத்தை மேல் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். என் மேலேயே வந்த கோபத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? ஸ்நேரின் மேல்தான் கொட்டினேன். கணக்கில்லாமல், தாளமில்லாமல், தோள் வலிக்க அடித்தேன். குச்சியின் நுனி சிலும்பாகப் பிய்ந்தது. தெருவில் போன ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் ஓங்கி அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் பதிவை ஆரம்பித்தேன். முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது. அலையில் முள் முள்ளாக எழும்பியதைப் பார்க்கப் பார்க்கப் பசியே தெரியவில்லை. நாலாவது பாட்டு கஷ்டமானது என்று கடைசிக்கு வைத்திருந்தேன். அதன் பாதியில் வேன் வந்து கேட் திறந்தது. நான் நிறுத்தவில்லை. வருவது வரட்டும் என்று கடைசி அடிவரை வாசித்துவிட்டுத்தான் எழுந்தேன். அன்றைக்கு என்னை எனக்கே பிடித்திருந்தது.

கீழே போனபோது அத்தை, "தலவலி தேவலயாமா?" என்று கேட்டுக் கல்யாணத் தாம்பூலப் பையைக் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் மிக்ஸிங்குக்கு உட்கார்ந்தேன். டிரம்ஸில் கை வைக்கவே வேலை இருக்கவில்லை. நாலாவது பாட்டில் மட்டும், இரண்டாவது சரணத்தின் நடுவில், அலை திடீரென்று பாதியாகக் குட்டையாகியிருந்தது. அங்கிருந்து கடைசிவரை குட்டைதான். கேட்டின் சத்தம் பதிவில் விழவேயில்லை. என் கைதான் விழுந்திருந்தது. திருத்த நேரமில்லை. அப்படியே அனுப்பினேன்.

தோழியின் குரல் செய்தி உடனே வந்தது. "சூப்பர்டி! கம்ப்யூட்டரெல்லாம் வேணாம், நீயேதான் டிரம்ஸ். அதுலயும் நாலாவது பாட்டுல, ரெண்டாவது சரணத்துல, அப்படியே எறங்கினியே! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எப்படிடி உனக்கு அங்க தோணுச்சு?"

எனக்கு அங்கே ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். "தெரியலடி, தானா வந்துச்சு" என்று பதில் அனுப்பினேன்.