எங்கள் சலவைக்கல்

கூலாய் ஊரைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பும் சாலையில் அந்தக் கோயில் வெள்ளையாக நிற்கிறது. சுண்ணாம்பு வெள்ளை இல்லை. காலையில் பால்கோவா நிறம். மழை வரப்போகும் மாலைகளில் லேசாக நீலம் ஏறும். கோபுரத்தில் ஒரு பொம்மைக்குக்கூட வண்ணம் கிடையாது. தூணெல்லாம் அடியில் தாமரை, உச்சியில் தாமரை. பளிங்கை வட இந்தியாவில் வெட்டி, ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதி, கப்பலில் அனுப்பினார்கள். இங்கே எண்ணைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார்கள். எலுமிச்சை விளக்குக்கு உள்ளே இடமில்லை. சாறு பட்டால் பளிங்கை அரித்துவிடுமாம். விளக்கெல்லாம் வெளியே, ஒரு தகரக் கூரையின் கீழ்.

அந்தத் தகரம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கோயில்.

எங்கள் தோட்டத்தில் அம்மன் என்பது ஒரு கல். துரை பங்களாத் துணிகளை என் அம்மாவும் அக்காவும் அடித்துத் துவைத்த கல். ஒரு பெருமழையில் அது புரண்டு, நிமிர்ந்து நின்றுவிட்டது. மறுநாள் யாரோ மஞ்சள் பூசினார்கள். பிறகு தகரம் வந்தது, பிறகு செங்கல். தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனபோது அம்மனும் சாலையோரத்துக்கு மாறினாள். இப்போது பளிங்கு. இந்த வரலாற்றை முன்மண்டபச் சுவரில் பொறிக்க நிர்வாகக் குழு முடிவு செய்தது. என்னைத்தான் எழுதக் கேட்பார்கள் என்று இரண்டு வாரம் கைப்பேசியைச் சட்டைப் பையைவிட்டு எடுக்காமல் இருந்தேன்.

கேட்கவில்லை. என் பள்ளித் தோழனைக் கேட்டார்கள். அவன் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். கல்யாண வாழ்த்தோ இரங்கல் செய்தியோ, கேட்ட நேரத்துக்கு எழுதிக் கொடுப்பான். நான் ஆறு மாதத்துக்கு ஒன்று எழுதி, அதையும் கிழிப்பவன். ஊருக்கு யார் வேண்டும்?

பொறாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். எனக்கு அது சொல்லாக இருக்கவில்லை. செனாய் ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் வருவேன். கோயில் தெரியும் வளைவில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திருப்பினால், மோட்டார்க் கண்ணாடிக்குள் வந்து வெள்ளையாக நிற்கும்.

அவன் என் அக்காவிடம் கதை கேட்டுக் குறித்துக்கொண்டு போனான். சில நாளில் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினான்: "ஒற்றுப்பிழை இருந்தா பாருடா. உன் கண்ணுக்குத்தான் படும்."

பார்த்தேன். இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தான். மூன்றாவது பத்தியில், ஆதியில் அம்பாள் பளிங்குக் கல்லில் எழுந்தருளினாள் என்றிருந்தது. முதலில் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. அக்கா 'சலவைக்கல்லு' என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அது துணி வெளுத்த கல். படித்தவனுக்குச் சலவைக்கல் என்றால் பளிங்கு.

இரண்டு ஒற்றையும் திருத்தி அனுப்பினேன். பளிங்கைத் தொடவில்லை. அவன் பெயருக்கு மேலே ஒரு பிழை, எந்த மழைக்கும் அழியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். எழுதவே கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

கும்பாபிஷேகம் முடிந்த மறுவாரம் அக்காவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கையைப் பிடித்து நடத்தினேன். கல்வெட்டின் முன் வந்ததும் நின்றுவிட்டாள்.

"நம்ம கல்லப் பத்தி எழுதியிருக்கானாடா? படி."

படித்தேன். மூன்றாவது பத்தி வந்ததும் வாய் தானாக மாற்றிக்கொண்டது. 'துரை வீட்டு அழுக்கை இரண்டு பெண்கள் அடித்து வெளுத்த கல்லில் அம்மன் எழுந்து நின்றாள்.' என்னைக் கேட்டிருந்தால் எழுத வைத்திருந்த வரி.

"அங்க அப்படி இல்லையேடா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவன்தான், அர்ச்சனைத் தட்டோடு.

விஷயத்தைச் சொன்னேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டான். ஒற்றுத் திருத்தியபோதே என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான்.

அக்காதான் சிரித்தாள். "அலமாக், என்னடா இது, நம்ம கல்லு மார்பளா?" கையை நீட்டிச் சுவரைத் தடவினாள். "இருந்தாலும் அதுவும் இப்படித்தான்லா வழவழன்னு இருக்கும். துவைச்சுத் துவைச்சு."

அவன் தட்டைக் கீழே வைத்தான். "இப்ப படிச்சியே, அத எழுதிக் குடு. தலைவர்கிட்ட நான் பேசுறேன். என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடச் சொல்றேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு லேசாகக் கொடுக்க இவனால் எப்படி முடிகிறது? அதற்கும் வயிறு எரிந்தது.

அன்றே எழுதினேன், பெயர் போடாமல். மறுநாள் பள்ளி வாசலில் அவனிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரே ஓர் இடத்தில் ஒற்றுப் போட்டான்.

சரியான திருத்தம்தான்.