நெல்லிக்காய் தின்ற பின் குடித்த தண்ணீர்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊர். தேவனூர் நாட்டிலிருந்து என் தாய்மாமன் மகன் கடுக்காய் பொறுக்க வந்து எங்கள் வீட்டில் தங்கிய அந்தத் தை மாதத்தில், வீட்டில் கல்யாண வயதில் இரண்டு பெண்கள் இருந்தோம். ஒருத்தி நான். இன்னொருத்தி என்னைவிட ஒரு வயது இளையவளான என் சித்தப்பா மகள். இரண்டு பேருமே அவருக்கு முறைப்பெண்கள். என் அம்மாவின் கூடப்பிறந்தவர் மகன் என்பதால் உரிமை எனக்குத்தான் அதிகம். ஆனால் மாமன் வேறு மாதிரி சொல்லியனுப்பினார்.

"பொறுக்கி முடிச்சுட்டு வரட்டும். அவன் எந்தப் புள்ளையச் சொல்றானோ அந்தப் புள்ளைக்கு வெத்தல பாக்கோட வாரேன்."

கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. என்னுடையதை ஏன் இன்னொருத்தி பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்?

காட்டில் உதிர்ந்து கிடக்கும் கடுக்காயைப் பொறுக்கிப் பாறையில் காயவைப்போம். பிறகு தலைச்சுமையாகக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறக்கினால், அங்கே கடுக்காய் வியாபாரம் பார்க்கும் ஒரு பாய் அதை வாங்கித் தோல் பதனிடும் ஊர்களுக்கு அனுப்புவார். எங்களுக்கு அந்தத் துவர்ப்பு பிறந்ததிலிருந்தே பழக்கம். ஈறு வீங்கினால் கடுக்காய்த் தண்ணீரில் வாய் கொப்பளிப்போம். வயிற்றால் போனால் கொய்யாக் கொழுந்தை மென்று விழுங்குவோம். வாழைப்பூவை மோரில் போட்டு அலசாமல் ஆக்கினால் சாப்பிடுகிறவர் முகம் கோணுவதைப் பார்க்கலாம்.

முதல் நாள் உச்சிவேளையில் எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் பக்கத்து மரத்திலிருந்து நாலு நெல்லிக்காயைப் பறித்துத் தின்றார். சித்தப்பா மகள் சுரைக்குடுக்கையிலிருந்து அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். குடித்துவிட்டு அவர் சிரித்தார்.

"உன் கைத்தண்ணி கல்கண்டாட்டம் இனிக்குது புள்ள."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூட இருந்த பெண்கள் கெக்கலி கொட்டினார்கள். நெல்லிக்காய் தின்ற வாய்க்கு எந்தத் தண்ணீரும் இனிக்கும் என்பது எங்கள் மலையில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னார். அதுதான் என்னைச் சுட்டது. அன்று சாயங்காலம் வரை நான் பொறுக்கிய கடுக்காயில் பாதி சொத்தை.

மறுநாள் தண்ணீர் கொடுப்பது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அதுவும் சும்மா தண்ணீர் இல்லை. அவர் நெல்லிக்காய் தின்றாலும் தின்னாவிட்டாலும் இனிக்கிற தண்ணீர். ஒரு கூடை நெல்லிக்காயை இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்த இனிப்பெல்லாம் தண்ணீருக்கே இறங்கிவிடும் என்று என் புத்திக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் அதுவரை எல்லாம் மண்சட்டிதான். அப்பா சந்தையிலிருந்து புதிதாக ஒரு இரும்புச் சட்டி வாங்கி வந்திருந்தார். மச்சானுக்குக் கொடுப்பதை மண்சட்டியிலா ஊறப்போடுவது? இரும்புச் சட்டியில் போட்டு மூடிவைத்தேன். விடியுமுன் எழுந்து, சித்தப்பா மகள் பார்த்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில் அடுப்படி இருட்டிலேயே துணியில் வடித்துக் குடுக்கையில் நிரப்பினேன்.

உச்சிவேளை வந்தது. அவள் எழுவதற்குள் நான் எழுந்தேன்.

"மச்சான், தண்ணி குடிங்க."

அவர் அண்ணாந்து குடுக்கையைக் கவிழ்த்தார். கொட்டியது தண்ணீரா? கருகருவென்று மை! வாய், மோவாய், தோளில் போட்டிருந்த வெள்ளைத் துண்டு எல்லாம் கறுப்பு. அவர் துப்பினார். நாக்கும் கறுத்திருந்தது. காடே சிரித்தது. யாரோ, "மச்சானுக்கு மருந்து வெக்கப் பாத்தியா கண்ணு?" என்றார்கள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சித்தப்பா மகள் ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து அந்தத் துண்டில் பிழிந்து தேய்த்தாள். கறை கொஞ்சம் வெளுத்தது. அவள் சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். என் கறையை அவள் துவைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் சுமை இறக்கப் போனபோது பாய் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "துவர்ப்பும் இரும்பும் சேந்தா மைதாங்க. அந்தக் காலத்துல கடுக்காயில இப்படித்தான் மை காச்சுவாங்க." கூடச் சுமை தூக்கிப் போன ஒருத்தர் வந்து அதைச் சொல்லி, மறுபடியும் ஒரு தடவை சிரித்தார்.

எல்லாம் போயிற்று என்றுதான் இருந்தேன். ஆனால் மாசிக் கடைசியில் மாமன் வெற்றிலை பாக்கோடு வந்து என் அம்மா முன்னால்தான் வைத்தார். நான் அழுதே விட்டேன். அந்த வருஷமே சித்தப்பா மகளை அடிவாரத்துப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். ஜெயித்தவளுக்கு அதோடு பொறாமை தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. அவர் என்னை விரும்பிச் சொன்னாரா, அம்மா வழி உரிமைக்குக் கட்டுப்பட்டுச் சொன்னாரா? வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. 'உன் கைத்தண்ணி இனிக்குது' என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் என்னிடமும் சொல்லிவிட்டால் போதும் என்று காத்திருந்தேன். தினம் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார், சொம்பை வைத்தார், போனார்.

நாலு வருஷம் போனது. இடுப்பில் பிள்ளை. மறுபடியும் ஒரு தை மாதம், தேவனூர் நாட்டில் எங்கள் மிளகுக் கொடிகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். நானே பறித்து நாலு நெல்லிக்காயைக் கையில் வைத்தேன். மென்று தின்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். பிறகு மண்சட்டித் தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் எடுத்து என் கையால் ஊற்றினேன்.

குடித்து முடித்து வாயைத் துடைத்தார். அதே துண்டு. கறை இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இனிக்குதுங்களா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நெல்லிக்கா தின்னா தண்ணி இனிக்கத்தான புள்ள செய்யும்" என்று சொல்லிவிட்டுக் கொடியைக் கட்டப் போனார்.