பதினெட்டு நாள் ஏகாதசி

பெருமாளை நம்பி இருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பிழைகள் நிறைய இருக்கும். திருத்திக்கொண்டு என்னை மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வாய் வராது. சனிக்கிழமை பஜனையில் இதைச் சொல்லும்படி மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

எனக்கு ஐம்பது வயது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்தில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிறேன். வண்டிக்கு எதிரிலேயே வீடு. வீட்டில் நான், என் மனைவி செல்வி, என் அம்மா. ஒரே மகளை மணப்பாறையில் கட்டிக்கொடுத்துவிட்டோம். அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. மூன்று வருஷத்துக்கு முன்பு மறதி நோய் தொடங்கியது. காய்ச்சிய பாலையே மறுபடி காய்ச்சுவார். கேட்டதையே கேட்பார். ஒரு நாள் கடைக்குப் போனவர் உறையூருக்கு எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டு நின்றார். நாங்கள் உறையூரை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகிறது. திருச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இது கூடிக்கொண்டேதான் போகும், மாத்திரையால் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான் என்றார்.

பிறகு அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போயிற்று. அந்தக் காலத்தில் அம்மா வீடுகளில் பாத்திரம் தேய்த்துத்தான் என்னை வளர்த்தார். அப்படி ஏதோ ஒரு வீட்டு முதலாளி என்று என்னை நினைத்துக்கொண்டார். செல்வியை மட்டும் சில நேரம் மருமகள் என்று தெரியும். நான் உள்ளே நுழைந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். அதற்கும் நாங்கள் பழகிக்கொண்டோம்.

பழக முடியாமல் போனது சாப்பாட்டு விஷயம். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு நாலு வயதில் கடுமையான காய்ச்சல் வந்ததாம். பிழைப்பது சந்தேகம் என்றார்களாம். பிள்ளை பிழைத்தால் ஆயுசுக்கும் ஏகாதசி விரதம் இருக்கிறேன் என்று அம்மா பெருமாளிடம் வேண்டிக்கொண்டார். மாதம் இரண்டு ஏகாதசி. காலையில் துளசித் தண்ணீர், சாயங்காலம் பால், வேறு ஒன்றும் கிடையாது. மறுநாள் துவாதசியன்று விடிந்ததும் அகத்திக்கீரை சமைத்து, அதோடு சோறு சாப்பிட்டு விரதத்தை முடிப்பார். அதற்குப் பாரணை என்று பெயர். நோய் வந்த பிறகு விரதம் நின்றுவிட்டது. எது என்ன நாள் என்றே அவருக்குத் தெரியவில்லை. நாங்களும் அதை விட்டுவிட்டோம்.

சென்ற ஆவணி மாதம் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை. பக்கத்து வீட்டில் யாரோ "இன்னிக்கு ஏகாதசி" என்று பேசியது அம்மாவின் காதில் விழுந்தது. உடனே தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். எனக்கு அன்று சந்தோஷம்தான். அம்மாவுக்கு ஏகாதசி ஞாபகம் வந்துவிட்டதே என்று செல்வியிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் செல்வி இட்லி வைத்தாள். "ஏகாதசியும் அதுவுமா இட்லி வைக்கிறியேடி" என்று அம்மா கேட்டார். ஏகாதசி நேற்றே முடிந்துவிட்டது என்று செல்வி சொன்னாள். அம்மா நம்பவில்லை. வெள்ளிக்கிழமையும் அதே பேச்சு. சனிக்கிழமையும் அதே பேச்சு. அம்மாவுக்கு ஏகாதசி முடியவே இல்லை.

காலண்டரைக் காட்டினோம். சோற்றைப் பாலில் கரைத்துப் பால் என்று கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். பாலும், எப்போதாவது ஒரு வாழைப்பழமும்தான் உள்ளே போயிற்று. ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. வளையல் முழங்கை வரை ஏறியது.

செல்வியும் களைத்துப் போனாள். ஒரு நாள் அம்மா அவளைப் பார்த்து, "மாமியாரைப் பாவத்துல தள்ளத்தானே பாக்குற" என்றார். "ஆமா அத்தை, அதுக்குத்தான் அஞ்சு மணிக்கே எந்திரிச்சு ஆக்கி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்படியில் அழுதாள்.

பத்தாவது நாள் நான் ஒரு தப்புச் செய்தேன். அதை மறைக்கக் கூடாது. அம்மாவின் தாடையைப் பிடித்து, ஒரு கவளம் சோற்றை வாய்க்குள் திணித்தேன். அம்மா கத்தவில்லை. வாயில் இருந்ததைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, கும்பிடுவது போல என்னைப் பார்த்துச் சொன்னார்.

"என் பையனுக்கு உடம்பு சரியில்லைங்க. அவனுக்காகத்தான் இருக்கேன். வற்புறுத்தாதீங்க தம்பி."

"நான்தாம்மா அந்தப் பையன். எனக்குச் சரியாப் போச்சும்மா" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டார். "உங்களுக்குத் தலையெல்லாம் நரைச்சிருக்கு. அவனுக்கு நாலு வயசுதான் ஆகுது."

நான் வண்டிக்குப் போய்விட்டேன். அன்று ஒரு சட்டையைத் தீய்த்துவிட்டேன். முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பதினைந்தாவது நாள் நிஜமான ஏகாதசியே வந்து போனது. அதனால் ஒன்றும் மாறவில்லை. பதினேழாவது நாளில், வெள்ளிக்கிழமை, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். எடை பார்த்தார். திங்கட்கிழமைக்குள் சாப்பிட வைக்க முடியாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார். அவர் நல்லவர், உள்ளதைச் சொன்னார். வெளியே வரும்போது ஒரு வார்டில் அப்படிக் குழாய் போட்ட ஒரு பெரியவரைப் பார்த்தேன். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. கோயிலில் கூட்டம் சொல்ல முடியாது. இலவச வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன். என்னென்ன கேட்பது என்று நினைத்துக்கொண்டே போனேன். அம்மாவின் ஞாபகம் திரும்ப வேண்டும், என்னைத் தெரிய வேண்டும், குழாய் வேண்டாம் என்று பெரிய பட்டியல் இருந்தது. சன்னதி வந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. நகருங்க, நகருங்க என்றார்கள். எண்ணெய் விளக்கில் பெருமாள் கரேலென்று படுத்திருந்தார். ஒரே ஒரு பேச்சுத்தான் மனதில் வந்தது. "எனக்காக உன்கிட்ட வேண்டிக்கிட்ட விரதம். நீயே முடிச்சு வை." அதற்குள் என்னைத் தள்ளிவிட்டார்கள். வெளியே வந்து பார்த்தேன். மனதுக்கு ஆறுதல் ஒன்றும் வரவில்லை. கால் வலி மட்டும் இருந்தது. உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. காவிரியில் அம்மா மண்டபம் படித்துறையில் குளித்து அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். அமாவாசையில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு கட்டு வாங்கிக்கொண்டு மாட்டிடம் போனேன். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த மாட்டிடம் போனேன். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாட்டுக்காரப் பெண் சிரித்தாள்.

"காலையிலேருந்து ஆயிரம் பேரு குடுத்துட்டாங்கண்ணே. அது என்ன வயிறா, குதிரா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

எனக்கு மனது விட்டுப்போயிற்று. மாடுகூட என் கையால் வாங்கவில்லையே, அப்பாவும் கைவிட்டார், பெருமாளும் கைவிட்டார் என்று நினைத்தேன். கீரைக்கட்டை சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்தேன். வழியில் எங்கேயாவது போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போட மனம் வராமல் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது.

அம்மாவை வாசலுக்குப் பக்கத்தில் பாயில் படுக்க வைத்திருந்தாள் செல்வி. நான் சைக்கிளை நிறுத்தினேன். அம்மா தலையைத் தூக்கிக் கீரையைப் பார்த்தார். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். நாலு நாளாக யாரும் தூக்காமல் அவர் எழுந்ததில்லை.

"துவாதசிக் கீரையை இவ்வளவு நேரங்கழிச்சா வாங்கிட்டு வர்றது?" என்று என்னிடம் கேட்டார். "வெயில் ஏறிடுச்சு பாருங்க. பாரணை நேரம் தப்பிடும். இங்க குடுங்க, நான் ஆயறேன்."

நானும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. கீரையைக் கண்ணால் பார்க்காமல் அம்மாவுக்கு எப்படித் துவாதசி விடியும்? எப்போதும் அவரே போய் வாங்கி வந்துவிடுவார். அதனால் எங்களுக்கு அந்த நினைப்பே இல்லை.

முறத்தை வைத்தோம். அம்மா காம்பை ஒரு கையால் பிடித்து, இலையை மறு கையால் உருவினார். விரல்கள் கொஞ்சமும் தடுமாறவில்லை. செல்வி வாங்கிப் போய்த் தேங்காய் போட்டு வதக்கிக் கொண்டுவந்தாள். இலை போட்டோம். அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, கீரையும் சோறுமாக முதல் வாயை எடுத்து வைத்தார். மென்றார். விழுங்கினார். ஐந்து வாய் சாப்பிட்டார், கொஞ்சம் ரசம் குடித்தார். "உப்பு குறைச்சல்" என்றார். நான் கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். நடந்ததைச் செல்விதான் சொன்னாள். குழாய் வேண்டாம், சிறுகச் சிறுகக் கூட்டுங்கள் என்றார். வெறும் வயிற்றில் ஒரேயடியாகக் கொடுத்துவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். அப்படியே செய்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் துவாதசி. காலையில் ஒரு கொத்து அகத்திக்கீரையை அம்மாவின் கண்ணில் படும்படி வைத்துவிடுவோம். அவர் ஆய்ந்து கொடுப்பார். தினமும் அதையே சாப்பிடக் கூடாது என்பார்கள். அதனால் இலை ஓரத்தில் பேருக்கு ஒரு சிட்டிகை வைத்துவிட்டு, மற்றது வழக்கமான சாப்பாடுதான்.

சில நாள் கழித்து எனக்கு ஒரு பயம் வந்தது. நிஜ ஏகாதசியன்றும் துவாதசி என்று சொல்லிச் சோறு போடுகிறோமே, பெருமாள் பெயரில் பொய் சொல்வது பாவம் இல்லையா என்று செல்வியிடம் கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாப்பது வருஷத்துக்கு மேல உங்களுக்காகப் பட்டினி கிடந்திருக்காங்க. அத்தனைக்கும் பெருமாள்தான் இப்ப பாரணை பண்ணி வெக்கிறாரு. உங்களுக்கு அவ்வளவு உறுத்துச்சுன்னா அந்த ஏகாதசியை நீங்க இருங்க."

சரிதான் என்று பட்டது. அதுவரை நான் ஒரு ஏகாதசியும் இருந்தவன் இல்லை. அம்மா பட்டினி கிடக்கும் நாளில் வயிறு நிறையச் சாப்பிட்டவன். இப்போது இருக்கிறேன். முதல் தடவை மத்தியானத்துக்குள் தலை சுற்றியது. நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, பிறத்தியார் வீட்டில் பாத்திரமும் தேய்த்துக்கொண்டு அம்மா இதை எப்படிச் செய்தார் என்று அன்றுதான் யோசித்தேன்.

அம்மாவின் ஞாபகம் திரும்பவில்லை. திரும்பாது என்றும் தெரியும். என்னை இன்னமும் தெரியாது. நான் கேட்ட ஒன்று நடந்தது, அது எனக்குப் போதும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். அவர்கள் பிடிவாதம் பிடித்தால் என்னைப் போலத் தாடையைப் பிடிக்காதீர்கள். அவர்கள் எந்த நாளில் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்களால் முடியாததைப் பெருமாளிடம் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். அவருக்குப் புரியும்.

இன்று ஏகாதசி. நான் துளசித் தண்ணீரோடு இருக்கிறேன். அம்மா சாப்பிட்டு முடித்துவிட்டு, பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று என்னிடம் கேட்டார். விட்டுவிட்டது என்றேன். அப்படியென்றால் அவனுக்கும் கொஞ்சம் சோறு எடுத்து வையுங்கள் என்றார்.

தை மாதம் பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை.